அரை டம்ளர் எஞ்சின் ஆயில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, அது என் பிறவிக் கோளாறு. தொண்ணூறுகளில் மைசூர் பன்னிமண்டபம் பக்கத்தில் டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் பார்க்கிற கடை வைத்திருந்தேன். தகரக் கூரை, ஒரே அறை. முதலாளியும் நான்தான், வேலைக்காரனும் நான்தான். வருகிறவர்கள் என் வேலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, "வாய்தான் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். "வாயை வெச்சா வண்டி ஓட்டப் போறே?" என்று அதற்கும் ஒரு கடி கடிப்பேன்.

அந்த வாயாலும் ஒரு அரை டம்ளர் எஞ்சின் ஆயிலாலும் ஒரு அண்ணன் தம்பி பிரிந்து போனார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினுக்குள் டீசலைப் பனி மாதிரித் தூவுகிற சாமான்தான் இன்ஜெக்டர். அதன் நுனியில் ஊசி ஓட்டை உள்ள நாசில் இருக்கும். லாரிக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், "நாசில் போச்சு" என்பார்கள். லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் நாசில் தேய்ந்துவிடும். தூவ வேண்டியது சொட்ட ஆரம்பிக்கும். சொட்டுகிற டீசல் பாதி எரியும், பாதி புகையாகப் போகும். மேடு ஏறும்போது இழுவை இருக்காது. டீசல் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்டர் உண்டு. மேலே சின்ன டேங்க், நடுவில் பிரஷர் காட்டுகிற முள், பக்கத்தில் ஒரு லிவர், அடியில் ஒழுகுவதைப் பிடிக்க ஒரு தட்டு. இன்ஜெக்டரை அதில் மாட்டி லிவரை அழுத்தினால் நல்ல நாசில் கரகரவென்று சத்தம் போட்டுப் புகை மாதிரித் தூவும். அழுத்திப் பிடித்தால் முள் அப்படியே நிற்கும், நுனி காய்ந்திருக்கும். தேய்ந்த நாசிலில் நுனியில் சொட்டு திரளும், முள் சரசரவென்று இறங்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஆள்கூட அந்த முள்ளைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மேஸ்திரி பொய் சொன்னாலும் மெஷின் சொல்லாது என்பது லாரிக்காரர்களின் நம்பிக்கை. ஆயுத பூஜையன்று என் கடையில் முதல் பொட்டு அதற்குத்தான்.

அந்த மெஷினையும் பொய் சொல்ல வைக்க முடியும். டேங்கில் ஊற்றுகிற எண்ணெய் தண்ணீர் மாதிரி லேசாக இருக்க வேண்டும். அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலைக் கலந்துவிட்டால் எண்ணெய் கெட்டியாகி, தேய்ந்த இடுக்கு வழியாக ஒழுகாது. முள் நிற்கும், நுனி காயும். பழைய நாசிலைத் தேய்த்துச் சரிபண்ணிக் கொடுக்கும்போது ஒன்றிரண்டு அடம் பிடிக்கும். கஸ்டமர் எதிரில் நின்றுகொண்டு பார்ப்பார். அப்போது இந்த வேலையைச் செய்வதுண்டு. தொழிலில் இருக்கிற பலருக்கும் இது தெரியும். தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்று காலை அப்படி ஒரு செட். நாலு நாசிலில் இரண்டு சொட்டிக்கொண்டே இருந்தன. சாமான்காரரோ பத்து மணிக்கு வந்து நிற்கப் போகிறார். அரை டம்ளர் எஞ்சின் ஆயிலை எடுத்து டேங்கில் ஊற்றினேன். அவர் வந்தார், பார்த்தார், திருப்தியாக எடுத்துக்கொண்டு போனார். அவர் போன உடனே டேங்கை வடித்துக் கழுவி நல்ல எண்ணெய் ஊற்ற வேண்டும். அதற்குள் பம்ப் வேலைக்கு ஒருவர் வந்து "நேற்றே தருகிறேன் என்றாயே" என்று சத்தம் போட்டார். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். அந்தச் சண்டையில் டேங்க் மறந்தே போனது.

பதினொரு மணிவாக்கில் அந்த லாரி வந்தது. பழைய வண்டி, கிலோமீட்டர் காட்டுகிற முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. எத்தனை லட்சம் ஓடியது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். உரிமையாளர் மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக் குடியிருந்த பென்ஷன்காரர், கன்னடக்காரர். ரிடையர் ஆகும்போது வந்த பணத்தில் இந்த ஒரு லாரியை வாங்கி விட்டிருந்தார். டிரைவர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளித் தமிழர், நாற்பது வயதிருக்கும். கூட வந்த கிளீனர் அவருடைய சொந்தத் தம்பி. கிளீனர் என்றதும் பொடியன் என்று நினைக்க வேண்டாம். முப்பது வயது ஆள், கல்யாணம் ஆகாதவன், அண்ணன் வண்டியிலேயே ஓடி அண்ணன் வீட்டிலேயே சாப்பிடுகிறவன்.

டிரைவர் என்னிடம் நாலைந்து வருஷமாக வருகிறவர். என்னை விட மூத்தவர்தான், இருந்தும் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று மரியாதையாகத்தான் பேசுவார். அன்று அவர் முகம் சரியில்லை.

உரிமையாளர்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன். "நஞ்சன்கூட்டிலிருந்து அரிசி லோடு. எப்பவும் அதே ரூட்டு, அதே எடை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்ப மூணுகூடக் கொடுக்கலை. ஆறு மாசம் முன்னாடிதான் எஞ்சின் வேலை பார்த்தாச்சு, பம்ப்பை நீயே பார்த்துக் கொடுத்தே. டேங்கில் ஒழுகல் இல்லை. பாக்கி இருக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு நாசில். இல்லேன்னா வழியில் யாரோ டீசலை இறக்கி விக்கிறாங்க." சொல்லிவிட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பார்த்தார். "நாசில் கெட்டிருந்தா நான் வாயை மூடிக்கிறேன். நல்லாயிருந்தா சாயங்காலமே சாவியைக் கொடுத்துட்டுப் போகட்டும்."

டிரைவர் என் பக்கம் திரும்பி, "நாந்தானுங்க மேஸ்திரி உங்க கடைக்கே போலாம்னு கூட்டியாந்தேன். மெஷின்ல வெச்சு இவரு கண்ணு முன்னால பாத்துச் சொல்லிப்போடுங்க. நாசில் போயிருச்சுன்னு எனக்குத் தெரியும். கருப்பாப் பொகையுது, மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்றார்.

முதலில் வண்டியிலேயே வைத்துப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குப் போகிற பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ண வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் அந்தப் பைப்பை லூஸ் பண்ணியதும் எஞ்சின் தடுமாறும். தடுமாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் முன்பே சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒன்று தடுமாறியது. இரண்டு தடுமாறவில்லை. மூன்று, நாலு சரி. ஐந்தில் சத்தம் துளியும் மாறவில்லை. ஆறு சரி. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தேன், டீசல் வாடை அடித்தது. இத்தனையும் நாசில் போன வண்டிக்கு உள்ள லட்சணம். என் காது சொன்னது, என் மூக்கு சொன்னது.

ஆறையும் கழற்றிக்கொண்டு போய் மெஷினில் மாட்டினேன். உரிமையாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளுக்கு நேராக வந்து நின்றார். முதல் நாசில், முள் நின்றது. இரண்டாவது, நின்றது. லிவர் கொஞ்சம் கனமாக இருந்த மாதிரி தோன்றியது. காலையிலிருந்து வாய் கிழியக் கத்தியதில் கை அசந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன். மூன்று, நாலு என்று போனது. ஐந்தாவதும் ஆறாவதும் நின்றன. நுனியில் ஒரு சொட்டு இல்லை.

டிரைவர் கிட்டே வந்து குனிந்து முள்ளைப் பார்த்தார். "இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க மேஸ்திரி" என்றார். அடித்தேன். நின்றது.

அப்போது பக்கத்தில் நின்ற தம்பி குனிந்து, மெஷினுக்கு அடியில் தட்டில் விழுந்திருந்த எண்ணெயில் இரண்டு விரலைத் தோய்த்து எடுத்தான். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். நிமிர்ந்து, "மேஸ்திரி, இது..." என்று ஆரம்பித்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "யோவ், கைய எடுய்யா! அந்தப் பிரஷர்ல கைய நீட்டினா தோலைத் துளைச்சிக்கிட்டு உள்ள போயிரும். விரலை வெட்டி எடுக்கணும், தெரியுமா? வந்துட்டான் பெரிய இஞ்சினீரு! வாய மூடிட்டு அப்பால நில்லு!"

நாசிலிலிருந்து பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் அப்போது லிவரை விட்டுவிட்டேன், எதுவும் பீய்ச்சவில்லை. அவன் தொட்டது தட்டில் கிடந்த எண்ணெயை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவன் தள்ளிப்போய் நின்றான். அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, மேஸ்திரி, ஒரே வார்த்தையில் சொல்லு. நாசில் கெட்டிருக்கா, இல்லையா?" என்றார் உரிமையாளர்.

காதும் மூக்கும் சொன்னதை விட்டு மெஷினை நம்பினேன். "நாசில்ல குத்தம் இல்லை சார்" என்றேன்.

ஆறையும் திரும்ப வண்டியில் மாட்டி அனுப்பினேன். அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது மூலையில் எஞ்சின் ஆயில் டின் மூடாமல் இருந்தது. மூடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். டேங்கில் விரலை விட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. அட பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டென்று பதில் சொன்னாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? போன் பண்ணி, மெஷின்ல தப்பு நடந்து போச்சு, நாசில்தான் கெட்டிருக்குன்னு சொல்லிருங்க. ஒரு நிமிஷ வேலை."

"சொன்னா, ஏன் கெட்டி எண்ணெய் ஊத்தினேன்னு கேப்பான். காலையில நாசில் வாங்கிட்டுப் போனவன் காதுக்குப் போகும். அப்புறம் யாரு நம்ம கடைக்கு வருவா?"

"அதுக்கு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் போறீங்களா?"

"நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்று அவள் மேலும் விழுந்தேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். மறுநாள் விஜயநகருக்குப் போன் போட்டு, "இன்ஜெக்டருக்கு அடியில வாஷர் ஒண்ணு பழசைப் போட்டுட்டேன் சார், வண்டியை அனுப்புங்க, மாத்திடறேன்" என்றேன். அதற்கு மறுநாள் வண்டி வந்தது. டிரைவர் மட்டும் வந்தார். அவருக்கு வேலை போகவில்லை என்று பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. "தம்பி எங்கண்ணா?" என்றேன். "ஊருக்குப் போயிட்டானுங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஆறு நாசிலையும் கழற்றிப் போட்டு, என் கைக்காசில் ஆறு புது நாசில் மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் சத்தமே வேறாக இருந்தது. புகை இல்லை. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, "வாஷர்ல இவ்வளவு இருக்குதுங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். "இருக்கும்" என்றேன்.

செய்த பாவத்துக்கு வட்டியோடு கட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன். மடையன்!

ஒரு மாதம் கழித்து உரிமையாளர் வந்தார். கையில் ஒரு சீப்பு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், முகமெல்லாம் சிரிப்பு. "உன் மெஷின் தெய்வம் ஐயா! நீ சொன்னது எழுத்துப் பிசகாமல் சரி. வண்டி திரும்ப நாலு கொடுக்குது" என்றார்.

"நல்லது சார்" என்றேன்.

"திருடினது அந்தத் தம்பிக்காரன்தான். அன்னைக்குச் சாயங்காலமே வெளியில் வந்துடுச்சு. டிரைவர் நல்ல மனுஷன், நான் எடுக்கலைன்னு அழறான். நான் எடுக்கலை, நாசிலும் நல்லாயிருக்குன்னு மெஷின் சொல்லுது, அப்படின்னா வண்டியில் இருக்கிற இன்னொருத்தன் நீதானேன்னு தம்பியைப் பிடிச்சுக்கிட்டான். வண்டி முன்னாடி கற்பூரம் ஏத்தி, மாதேஸ்வரன் மேல சத்தியம், எடுக்கலைன்னு சொல்லி அணைடான்னான். அவன் கற்பூரத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம், நான்தான் எடுத்து வித்தேன்னு ஒத்துக்கிட்டான். அவனைத் துரத்தின வாரமே மைலேஜ் ஏறிடுச்சு பார், இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

மைலேஜ் ஏறியது என் புது நாசிலால். சாட்சியை நானே என் கையால் மாட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவன் ஏன் ஒத்துக்கொண்டான்? அந்த இடத்தில் என் திருட்டுப் புத்தி ஒரு வழி கண்டுபிடித்தது. ஒருவேளை நிஜமாகவே கொஞ்சம் எடுத்திருப்பானோ? நாசிலும் கெட்டிருக்கலாம், அவனும் எடுத்திருக்கலாம் இல்லையா? இல்லாததை யாராவது ஒத்துக்கொள்வார்களா? இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் கொடுத்த பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அதை வீட்டுக்குக் கொண்டு போகாமல் கடைக்கு எதிரில் நின்ற மாட்டுக்குப் போட்டேன்.

மூன்று வருஷம் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். டிரைவர் அவ்வப்போது வருவார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தம்பி நஞ்சன்கூட்டில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான் என்று வேறொரு லாரிக்காரர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் அதே மில்லுக்கு லோடு ஏற்றப் போனால் தம்பி பின்பக்கமாகப் போய்விடுவானாம்.

மூன்றாவது வருஷக் கடைசியில் ஒரு நாள் முற்பகலில் டிரைவர் பஸ்ஸில் வந்தார். பையில் ஆறு இன்ஜெக்டர். தலை மொட்டையாக இருந்தது. மலைக்குப் போய் முடி இறக்கினாரோ என்று பார்த்தால் மீசையும் இல்லை.

"என்னண்ணா, யாருக்கு என்ன?" என்றேன்.

"அம்மா தவறிப்போயிட்டாங்க மேஸ்திரி. இருவது நாளாச்சு."

பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார். வாய் சும்மா இருக்காமல், "தம்பி வந்தாப்லயா?" என்று கேட்டுவிட்டேன்.

தகப்பனுக்கு மூத்த பிள்ளை, தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். அதை மனதில் வைத்துத்தான் கேட்டேன்.

"வந்தானுங்க. தலைய மழிச்சுக்கிட்டு, ஈர வேட்டியோட, சொடலையில வந்து நின்னான். சொந்தக்காரங்க எல்லாரும் அவங்கிட்டக் குடுன்னாங்க. நான் குடுக்கலீங்க. திருட்டுக் கையில எங்கம்மாளுக்கு நெருப்பு வெக்கறதான்னு கேட்டுப்போட்டேன், அத்தனை பேரு முன்னால. நானே வெச்சுட்டேன். அவன் ஒண்ணும் பேசலீங்க. எரியற வரைக்கும் தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிட்டான்."

ஒருவேளை எடுத்திருப்பானோ, ஒருவேளை எடுத்திருப்பானோ என்று மூன்று வருஷம் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் கைவிட்டுப் போனது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். காலையில் ஊற்றிய அரை டம்ளர் ஆயில், மறந்து போனது, சாயங்காலம் தெரிந்தது, வாஷர் என்று பொய் சொல்லி வரவழைத்து ஆறு நாசிலையும் மாற்றியது, எல்லாவற்றையும். அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை, என்னைத் தூக்கவும் இல்லை. காதே கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அவனே ஒத்துக்கிட்டானுங்களே" என்றார்.

"கற்பூரத்துக்கு முன்னால நின்னு அவனே சொன்னானுங்க, நாந்தான் எடுத்தேன்னு. எடுக்காதவன் எதுக்குங்க ஒத்துக்கோணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "போன மாசம் சொல்லியிருந்தாக்கூடப் போதுமே மேஸ்திரி. நீங்க மூணு வருஷம் சொல்லாததுகூடப் போகுது. போன மாசம் வந்து சொல்லியிருந்தா எங்கம்மாளுக்கு அவன் வெச்சிருப்பானே."

எழுந்து நடந்தார். இன்ஜெக்டர் பை பெஞ்சிலேயே கிடந்தது. நான் கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். "நானும் வர்றேண்ணா. அவன்கிட்ட நானே சொல்றேன்" என்றேன். நஞ்சன்கூடு பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். டிக்கெட்டை அவர் அவருக்கு மட்டும் எடுத்தார்.

மில் வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. தம்பி மூட்டையை லாரியில் தள்ளிவிட்டு இறங்கும்போது எங்களைப் பார்த்தான். அவன் தலையிலும் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் வழக்கம்போல் பின்பக்கம் போகத் திரும்பினான். நான்தான், "தம்பி, நில்லு" என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். எதற்கும் ஆச்சரியப்படவில்லை. நான் முடித்ததும், "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மேஸ்திரி. தட்டுல இருந்த எண்ணெயத் தொட்டுப் பாத்தேன்ல? வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு" என்றான்.

அண்ணன் அவனைப் பார்த்து, "அப்பறம் எதுக்குடா ஒத்துக்கிட்ட?" என்றார்.

"மெஷின் சொல்லிப்போச்சு. உங்களுக்கு ரெண்டு புள்ளைங்க, நான் ஒண்டிக்கட்டை. நான் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணியிருந்தா அப்பறம் யாரு தலையிலண்ணா வந்து விழுந்திருக்கும்?" என்றான் அவன்.

டிரைவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பட்டது போதாது என்று அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், எதிரில் நிற்கிறவன் மேல் பாய்ந்தது. "தெரிஞ்சவன் அங்கேயே சொல்ல வேண்டியதுதானேய்யா! அந்த நிமிஷமே டேங்கைப் பார்த்திருப்பேனே!" என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை. குனிந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டே பதில் சொன்னான்.

"சொல்லத்தானுங்க வாயெடுத்தேன். நீங்கதான் வாய மூடுன்னுட்டீங்களே."